மலைநாட்டுக் காற்று சுத்தமானதுதானே, பிறகு அம்மாவுக்கு ஏன் இந்த நெஞ்சு நோய்?

தம்பி, உங்கள் கேள்விக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் "சிகரெட் பிடிக்காதவருக்கும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வருமா" என்பதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கின்றன. வரும். அது ஒரு சொல்லில் முடிந்துவிடும். நீங்கள் கேட்டது அதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 58 வயது. 34 வருஷம் கொழுந்து எடுத்தவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை, டவுனில் குடியிருந்ததும் இல்லை. போன மாதம் நெஞ்சு கிளினிக்கில் சிஓபிடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் பஸ் புகைக்குள் நின்று வேலை செய்கிற உங்களுக்கு ஒன்றும் இல்லை. "காற்று எல்லாருக்கும் பொதுதானே, அதிலும் எங்கள் மலைக்காற்று சுத்தமானது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், ஏதோ ஒரு கூட்டத்தில் 'சுற்றுச்சூழல் நீதி' என்று பேசினார்கள், அது எங்களைப் பற்றியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மலையில், ஒரே வானத்தின் கீழ் வாழ்கிறவர்களில் சிலருக்கு மட்டும் இந்த நோய் வருவது தற்செயலா, இல்லையா? நான் புரிந்துகொண்ட கேள்வி இதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் சுவாச நோய் பார்க்கும் டொக்டர். இருபது வருஷத்துக்கு மேல் மலைநாட்டு வைத்தியசாலைகளில்தான் வேலை. பிறந்ததும் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்தான். அதனால் நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி பார்த்தது. எது எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. ஆகவே அவருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதலில் 'காற்று பொது' என்பதைப் பார்ப்போம். வானத்தில் இருக்கும் காற்று பொதுதான். ஆனால் நுரையீரல் வானத்தில் இருக்கும் காற்றை இழுப்பதில்லை, மூக்குக்கு முன்னால் ஒரு முழத்தில் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. அந்த ஒரு முழத்தில் என்ன இருக்கிறது, எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம்? இதைக் கேட்காமல் ஊருக்குச் சுத்தமான காற்று என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. கர்க் ஸ்மித் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார், அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில். விறகுப் புகையைப் பற்றி உலகம் கவலைப்படத் தொடங்கியதற்கு அவர் ஒரு முக்கிய காரணம். 2020இல் காலமானார். அவர் சொன்ன ஒரு கணக்கை மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன்: வெளியே விடப்படும் ஒரு கிராம் புகையில் மனித நுரையீரலுக்குள் போவதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, வீட்டுக்குள் விடப்படும் ஒரு கிராம் புகையில் போகும். தொழிற்சாலைப் புகைக்கூட்டில் எவ்வளவு வந்தாலும் அது காற்றில் கரைந்து பரவிவிடும். அடுப்புப் புகை, அடுப்பை ஊதுகிறவரின் முகத்துக்குத்தான் வரும்.

இப்போது அந்த அடுப்பு இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. பல லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாகக் கட்டப்பட்டவை. முன்னால் ஒரு கதவு, இருந்தால் ஒரு சிறிய ஜன்னல், பின்னால் அடுத்த குடும்பத்தின் சுவர். புகை ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போக வழியே இல்லை. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எழும்புவதும் இல்லை. ஆகவே ஒரு வீட்டு அடுப்பை மூட்டினால் தகரத்துக்குக் கீழே புகை நாலு வீட்டுக்கு நடந்து போகும். குளிர் வேறு. நுவரெலியாவின் 1,800 மீற்றர் உயரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு யார் கதவைத் திறந்து வைப்பார்கள்? பிள்ளைகள் தூங்குகிறார்கள், அடுப்புத்தான் அந்த வீட்டின் சூடு. கதவு மூடியே இருக்கும்.

விறகையும் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடைக்கும் குச்சிகள், அதாவது மிலாறுதான் பல வீடுகளுக்கு விறகு. நன்றாகக் காய்ந்த மிலாறு மோசமில்லை, சுறுசுறுவென்று எரியும். ஆனால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் எட்டு மாதம் மழையும் மூடுபனியும். பரண் மேலே எவ்வளவு அடுக்கினாலும் ஈரம் போகாது. ஈர விறகு சரியாக எரியாது, தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிக்கும், எரியாத மிச்சமெல்லாம் புகையாக வரும். அப்போதுதான் ஊதுகுழலை எடுக்கிறோம். குனிந்து, முகத்தை அடுப்புக்கு ஒரு சாண் கிட்டக் கொண்டுபோய், ஊதிவிட்டு அதே இடத்தில் ஆழமாக மூச்சை இழுக்கிறோம். என் அம்மா ஊதியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டொக்டராகிப் பல வருஷம் கழித்துத்தான் அந்த மூச்சை ஒரு மருந்தின் அளவைக் கணக்கிடுவதுபோல் கணக்கிட்டுப் பார்த்தேன். ஊதுகுழல் பிடித்தவர் உள்ளே இழுத்த புகை, அதே காம்பராவில் மூலையில் உட்கார்ந்திருந்தவர் இழுத்ததோடு ஒப்பிடவே முடியாதது.

எண்களில் சொல்வதானால், மிக நுண்ணிய துகள்களை பி.எம். 2.5 என்று அளக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டரைப் பங்கு, தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒன்றுக்கும் குறைவு. மூக்கு மயிரிலோ தொண்டைச் சளியிலோ நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலின்படி வருஷச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, ஒரு நாள் சராசரி 15ஐ. இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் வருஷத்துக்கு 25, நாளுக்கு 50. பல நாடுகளில் விறகு அடுப்புள்ள மூடிய குசினிகளுக்குள் கருவி வைத்துப் பார்த்தபோது சமைக்கும் நேரத்தில் பல நூறு வந்திருக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியதும் உண்டு. அதே நேரத்தில் வெளியே வந்து நின்றால் நீங்கள் சொல்கிற அந்தச் சுத்தமான மலைக்காற்றுத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு.

கிளினிக்கில் நாங்கள் ஒரு எளிய கணக்குப் போடுவோம்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்படியில், அதை எத்தனை வருஷத்தால் பெருக்க வேண்டும். உங்கள் அம்மா மற்றப் பெண் பிள்ளைகளைப் போல பன்னிரண்டு வயதில் ரொட்டி சுடத் தொடங்கியிருந்தால், 46 வருஷம். காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி, மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஏதாவது என்று இரண்டு மணி நேரம். மாலையில் மலையால் இறங்கி வந்து வெந்நீர், சோறு, கறி என்று மூன்று மணி நேரம். ஐந்தை 46ஆல் பெருக்கினால் 230. மெக்சிகோவில் 1990களில் இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், 200ஐத் தாண்டிய பெண்களிடம் நீண்டகால இருமலும் காற்றுக்குழாய் அடைப்பும் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். உங்கள் அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். அதனால்தான் பீடி பிடிப்பீர்களா என்று கேட்டுவிட்டு நிறுத்துகிற டொக்டர்களோடு நான் சண்டை பிடிப்பேன். அடுப்பையும் கேட்க வேண்டும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். விறகுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசிப்பது சிஓபிடிக்கு ஒரு காரணம் என்பது உறுதி. புகைக்காத பெண்களுக்கு வரும் இந்த வகை, சிகரெட்டால் வருவதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். நுரையீரல் திசு கரைவது குறைவாகவும் சிறிய காற்றுக்குழாய்கள் தடித்துச் சுருங்குவது அதிகமாகவும் இருக்கும். அதனாலேயே பலருக்குப் பத்துப் பதினைந்து வருஷம் "இழுப்பு, ஆஸ்துமா" என்று மருந்து போயிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா, எடை குறைந்த பிரசவம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் இதய நோயும் பக்கவாதமும். நெஞ்சுச் சளியாகவே எல்லாம் வரும் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்றால், அடுப்பை மாற்றினால் நோய் எவ்வளவு குறையும் என்ற இடத்தில். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவின் மலைநாட்டில், நம்முடையதைப் போலவே குளிரும் உயரமும் உள்ள இடத்தில், ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் பாதிக்குப் புகைக்கூடு வைத்த விறகு அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. பிள்ளைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியா உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியில் புகை குறைவான அடுப்பைக் கொடுத்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்தார்கள், நிமோனியாவில் வித்தியாசமே இல்லை. பிறகு கேஸ் அடுப்பையே இலவசமாகக் கொடுத்து நான்கு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஓர் இடம் தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகப்பட்டினமும். சுமார் 3,200 கர்ப்பிணிகள். கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீற்றருக்கு 24 மைக்ரோகிராம், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்தது 71. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் பிறந்த பிள்ளைகளின் எடையில் சராசரியாக இருபது கிராம்தான் வித்தியாசம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவு.

இதைப் படித்துவிட்டுப் புகையால் கெடுதலே இல்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிப் படிப்பது தவறு. இந்த ஆய்வுகள் ஓரிரு வருஷம் நடந்தவை. கர்ப்பம் தரித்த பிறகு கேஸ் கொடுத்தால், அந்தத் தாய் பிறந்ததிலிருந்து குடித்த புகை உடம்பிலிருந்து போய்விடாது. பக்கத்து வீட்டு அடுப்பும், குப்பை எரிக்கும் புகையும், ரோட்டுத் தூசியும் அப்படியேதான் இருக்கின்றன. நீண்ட காலம் பார்த்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற இடத்தில் வீட்டுக்குள் புகைக்கூடு இல்லாமல் நிலக்கரி எரித்தவர்கள் புகைக்கூடு வைத்த பிறகு நுரையீரல் புற்றுநோயும் சிஓபிடியும் நன்றாகவே குறைந்தன. ஆனால் அது தெளிவாகத் தெரிய ஏறத்தாழ பத்து வருஷம் ஆனது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அரைகுறையாகக் குறைத்தால் அரைகுறைப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம், நன்றாகக் குறைத்துப் பல வருஷம் காத்திருந்தால்தான் பலன் தெரியும். இது என் வாசிப்பு, எல்லா நிபுணர்களும் இதே முடிவுக்கு வர மாட்டார்கள்.

இன்னொரு இடத்திலும் கவனமாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் உயரம் குறைந்தவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இதற்கும் புகையைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. புகைக்கு ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் சம்பளம், சாப்பாடு, தாயின் இரத்தச்சோகை, குடிதண்ணீர் எல்லாம் ஒரே வீட்டில் ஒன்றாக இருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: இளைத்துப் போன உடம்பில் விழும் புகை, நன்றாகச் சாப்பிட்ட உடம்பில் விழும் புகையைவிட அதிகம் கெடுக்கும். ஒரே அளவு மாசு எல்லாரையும் ஒரே அளவாகத் தாக்குவதில்லை என்று சொல்வதன் பொருள் இதுதான்.

மற்றப் புகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா எப்போதாவது தேயிலை ஃபெக்டரிக்குள் சலிக்கும் பகுதியில் வேலை செய்திருந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். அங்கே பறக்கும் பஞ்சு போன்ற தூசியால் ஆஸ்துமா வருவதை நம் நாட்டு மருத்துவர் சி.ஜி. உரகொட 1970இலேயே எழுதியிருக்கிறார். கண்டி வேறு மாதிரி. மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம்போல இருப்பதால் வாகனப் புகை வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். அங்கே அதிகம் சுவாசிப்பவர்கள் நடைபாதை வியாபாரிகளும் ஓட்டோக்காரர்களும் பொலிஸ்காரர்களும். கொழும்பில் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றீர்களே, நீங்கள் இளைஞர், இன்னும் தெரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

2022 டிசம்பர் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கேயிருந்து அடித்த காற்றோடு மாசு வந்து நாடெங்கும் மூட்டமாக இருந்தது. 9ஆம் தேதி பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள். அது சரியான முடிவு. அன்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது, இன்றைக்கும் போகவில்லை. நகரத்தில் வெளியே வைத்த கருவியில் ஒரு நாள் எண் ஏறியதும் நாடே விழித்துக்கொண்டது. அதைவிட மோசமான எண் லயத்துக் குசினியில் தினமும் காலை நாலரைக்கு ஏறுகிறது, அங்கே கருவி இல்லை. அளக்காத இடத்தில் மாசு இல்லை என்று ஆகிவிடுகிறது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் நீதி என்ற பேச்சு பரவலானது அமெரிக்காவிலிருந்து. 1982இல் வட கரோலைனா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில், பிசிபி என்ற நச்சு இரசாயனம் கலந்த மண்ணைக் கொண்டுபோய்ப் புதைக்க மாநில அரசு முடிவு செய்தது. மக்கள் ரோட்டில் படுத்து லொறிகளை மறித்தார்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். குழியைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஒரு கிறிஸ்தவ திருச்சபையின் ஆணைக்குழு நாடு முழுவதும் கணக்கெடுத்துப் பார்த்தது. நச்சுக் கழிவுத் தளம் எங்கே அமைகிறது என்பதை வருமானத்தைவிட, அங்கே வாழ்பவர்களின் இனமே அதிகம் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல்லில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: கெடுதல் யார் தலையில் விழுகிறது? அதை முடிவு செய்த இடத்தில் அவர்களுக்கு வாய் இருந்ததா?

"எங்கள் புகை நாங்களே மூட்டிய அடுப்பில் வருவதுதானே, யாரும் வந்து கொட்டவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்து ஆட்களே என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அடுப்பை அம்மா மூட்டினார், சரி. அந்தக் காம்பராவின் நீள அகலத்தை அவர் தீர்மானித்தாரா? லயம் அவருடையதா? நிலம் அரசுடையது, 1990களிலிருந்து கம்பனிகளிடம் குத்தகைக்கு இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டு ஒரு புகைக்கூடு வைக்கவோ, பின்னால் ஒரு குசினி இறக்கவோ நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். விறகுக்கு ஒரு மரத்தை வெட்டவும் கேட்க வேண்டும். குப்பையை ஏன் லயத்தடியில் எரிக்கிறார்கள் என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதைக் காட்டித் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் சேவை போகாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதாவது ரோட்டுக்கு அந்தப் பக்கக் கடைக்காரரின் குப்பையை எடுக்க டிரக்டர் வரும், இந்தப் பக்க லயத்துக்கு வராது, சட்டமே அப்படி இருந்தது. இன்னும் பின்னால் போனால் 1948இல் நம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை போனது, அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது, எல்லாருக்கும் முழுதாகத் திரும்பி வர 2003 ஆனது. பல பத்தாண்டுகள் பெரும்பகுதிப் பேருக்கு, வீட்டைப் பற்றியோ காற்றைப் பற்றியோ கேட்க ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை. நான் சட்டத்தரணி இல்லை, நுணுக்கங்களை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்க்கிற ஒரு டொக்டராக, அந்த நிழலில் இந்த வரலாறும் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆம் தம்பி, அது உங்களைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அநீதி தோட்டத் துரையின் பங்களாவோடு நின்றுவிடுவதில்லை. அடுப்பு எரியும் நேரத்தில் ஆண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மெல்வோம், நானும் சிறுவனாக அங்கேதான் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவும் அக்காவும், மடியில் கைக்குழந்தையும். ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டவர்களில் புகையைக் குடித்தது அவர்கள். என் அக்காவுக்கு இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது, எனக்கு இல்லை.

காரணம் இதுதான் என்று ஓர் ஆளுக்கு எழுதித் தருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, வாகன நெரிசல் மிகுந்த ரோட்டின் அருகில் வாழ்ந்தவள், 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடி, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரித்தானியாவில் அதுவே முதல் தடவை. அது முடிந்ததற்கு ஒரு பெரிய காரணம், அவள் வீட்டுக்குக் கிட்டவே காற்றை அளக்கும் நிலையம் இருந்ததும், பழைய பதிவுகள் பத்திரமாக இருந்ததும். உங்கள் லயத்துக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. எனவே சான்றிதழில் சிஓபிடி என்று மட்டும் இருக்கும், அடுப்பு இருக்காது. நான் என் நோயாளிகளின் கார்டில் எத்தனை வருஷம் விறகில் சமைத்தார் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். உங்கள் அம்மாவின் டொக்டரையும் அப்படி எழுதச் சொல்லிக் கேளுங்கள். கோபிக்க மாட்டார்.

இப்போது அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஸ்பைரோமெட்ரி செய்தார்களா என்று கேளுங்கள். குழாயில் ஊதச் சொல்லும் பரிசோதனை அது. மருந்து இழுத்த பிறகும் முதல் விநாடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக ஊதியதில் பத்தில் ஏழு பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் சிஓபிடி என்று உறுதியாகச் சொல்ல முடியும். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்து காசநோய் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். தோட்டத்தில் நீண்ட நாள் இருமல் என்றால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்ப் கொடுத்திருந்தால், அவர் அடிப்பதை ஒருமுறை நேரில் பாருங்கள். என்னிடம் வருகிற பாதிப் பேர் மருந்தைத் தொண்டையில் அடித்துவிட்டு விழுங்குகிறார்கள். பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் டொக்டர் சொல்வதைவிட நன்றாகக் கேட்பார்.

போன நுரையீரல் திரும்ப வராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னும் போகாமல் தடுக்கலாம். கேஸ் வாங்கிக் கொடுக்க உங்களால் முடிந்தால் முதலில் காலை அடுப்பைக் கேஸுக்கு மாற்றுங்கள், கதவு மூடியிருக்கும் நேரம் அதுதான். 2022இல் சிலிண்டர் விலை ஐயாயிரத்தை நெருங்கியதும் பலர் விறகுக்குத் திரும்பினார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. ஆகவே முழுதாக மாறாவிட்டால் பயனில்லை என்று அம்மாவைத் திட்டாதீர்கள். மத்தியானச் சமையலை வெளியே தகரக் கொட்டகையில் செய்யலாம். விறகை அடுப்புக்கு மேலே பரணில் போடுவதைவிட, வெயில் விழும் பக்கமாக மழை படாமல் இரண்டு மூன்று மாதம் அடுக்கி வைத்து எடுக்கலாம். அடுப்பு மூட்ட சொப்பிங் பையும் பழைய செருப்பும் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், அந்தப் புகை விறகுப் புகையைவிட மோசம். புகைக்கூடு வைப்பதானால் கூரைக்கு மேலே இரண்டு அடியாவது எழும்ப வேண்டும், இல்லையென்றால் புகை சுற்றி அடுத்த வீட்டுக்குள் போகும். நிர்வாகத்திடம் கேட்கும்போது தனியாகப் போகாதீர்கள், லயத்தில் உள்ள எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். பிரதி ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் கொடுங்கள். தனி வீடு கிடைக்கப்போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: புது வீட்டிலும் அடுப்பை ஜன்னல் இல்லாத மூலையில் வைத்தால் பழைய கதைதான். வீட்டு வரைபடம் காட்டும்போதே குசினியில் எதிரெதிராக இரண்டு திறப்பு கேளுங்கள், அப்போது கேட்டால்தான் உண்டு.

வீட்டில் தங்கச்சி இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அம்மாவுக்கு முடியாததால் அவர்தான் இப்போது அடுப்பைப் பார்க்கிறார் என்றும். அடுத்த முறை கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிப் போகும்போது அவரையும் கூட்டிப் போய் ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். இரண்டு பேருடைய தாளும் கையில் கிடைத்ததும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.